கேட்காமல் கட்டிய நூல்

எங்கள் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் அந்தப் பிள்ளையின் வலது கண் பந்து பட்டுப் போனது என்றுதான் சொல்வார்கள். பந்து பட்டது உண்மைதான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் பந்து பட்ட பிள்ளைகளுக்கெல்லாம் கண்ணா போய்விடுகிறது? டாக்டரே சொன்னார், நேரத்தோடு கூட்டிவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று. அந்த நேரம் எங்கே போனது என்பதுதான் விஷயம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. யார் மேல் எரிகிறது என்று கேட்டால் மட்டும் பதில் சொல்லத் தெரியவில்லை.

அவள் அப்பாவைத் தெருவில் 'ஒருமாசம்' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அவர் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை, கூட மூட்டை தூக்கியவர். தொழில், வீடு காலி செய்வது. ஒருவர் செத்துப்போவார், அல்லது வாடகை கட்ட முடியாமல் ஓடிப்போவார், அல்லது பிள்ளைகளோடு இருக்கலாம் என்று கிளம்பிவிடுவார். சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்கள் அண்ணனுக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவர் வந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மொத்தமாக ஒரு விலை சொல்வார். பிறகு என் வண்டி வரும். கட்டிலைக் கழற்றி, அலமாரிக் கதவைக் கழற்றி, ஏற்றிக்கொண்டு வந்து அவர் கடையில் இறக்குவோம். அண்ணி ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து விற்பனைக்கு வைப்பார். கடைக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு சமையற்கட்டு, முற்றத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். அதுதான் அவர்கள் குடியிருப்பு. ஒரே பிள்ளை. 'முதலாளியம்மா' என்று நான்தான் பட்டம் வைத்தேன். பள்ளி விடுமுறையில் அவளும் வேலைக்கு வருவாள். சாமான்களில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டை எண்ணெய்த் துணியால் தேய்த்து உரிப்பது அவள் வேலை. நகம் படாமல், கீறல் விழாமல் அப்படி உரிப்பாள்.

'ஒருமாசம்' என்ற பெயர் வந்த கதை இதுதான். பிள்ளை எதைக் கேட்டாலும் அண்ணன் இல்லையென்று சொல்ல மாட்டார். "ஒரு மாசம் பொறு" என்பார். மூட்டை கட்டுகிற நூலில் ஒரு துண்டு வெட்டி அவள் கையில் கொடுப்பார். அவள் அதைக் கொண்டுபோய் ஜன்னல் கம்பியில் கட்ட வேண்டும். ஒரு மாதம் கழித்தும் அது இல்லாமல் முடியாது என்று இருந்தால் நூலை அவிழ்த்துக்கொண்டு வந்து அப்பாவிடம் தரலாம். அப்படி வந்தால் அது தேவை, மறுபேச்சில்லாமல் வாங்கித் தருவார். அதற்குள் பழகிவிட்டால், மறந்துவிட்டால், அது வெறும் ஆசை. அவளே அவிழ்த்துக் குப்பையில் போட்டுவிட வேண்டும். அடிக்கிற மனிதர் இல்லை, திட்டுகிற மனிதரும் இல்லை. அதனால்தான் அந்தப் பிள்ளை அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டது. அடித்து வளர்த்திருந்தால் பொய்யாவது சொல்லியிருக்கும்.

மழைக்காலத்தில் ஒரு மாடி வீடு காலி செய்தோம். தனியாக இருந்து இறந்துபோன ஒரு அம்மாவின் வீடு. படியெல்லாம் ஈரம். சாக்கை விரித்து விரித்து இறங்கினோம். "தூக்கு, சாய், என் பக்கம் விடு, ஐயோ சுவரு சுவரு" என்று அண்ணன் கீழேயிருந்து கத்த, நான் மேலேயிருந்து அலமாரியை மார்பில் தாங்கிக்கொண்டு இறங்கினேன். உள்ளறையைத் திறந்தால் கூரை வரை பெட்டிகள். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. இஸ்திரிப் பெட்டி மட்டும் மூன்று இருந்தது. செருப்புகள் உள்ளே காகிதம் திணித்தபடி வரிசையாக இருந்தன.

பிள்ளை ஒவ்வொரு மூடியாகத் தூக்கிப் பார்த்தாள். "சித்தப்பா, இந்த அம்மாவுக்கு எத்தன காலு?"

"எல்லாருக்கும் உள்ளதுதான். ஏன் கேக்குற?"

"அப்புறம் எதுக்கு இவ்வளவு செருப்பு?"

அண்ணனுக்கு இது போதும். கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். "கேட்டியாடா தம்பி? பச்சப் புள்ளைக்குத் தெரியுது. இதோ பாரும்மா, இந்த இஸ்திரிப் பெட்டி. கடையில நிக்கும்போது அந்தம்மாவுக்கு இது தேவைன்னுதான் தோணியிருக்கும். உள்ளதுலயே பெரிய பொய் அதுதான். எல்லா ஆசையும் மொதல்ல வரும்போது தேவை மாதிரி வேஷம் போட்டுக்கிட்டுத்தான் வரும். ஒரு மாசம் வெளிய நிக்க வச்சா வேஷம் கலைஞ்சுடும்."

"பிரிச்சா பழசாயிடும்னு வச்சிருந்தாங்களோ என்னவோப்பா," என்றாள் பிள்ளை.

"யாருக்காக வச்சிருந்தாங்க? நமக்காகவா?"

"நமக்காகத்தான் போல. நமக்குத்தானே வந்திருக்கு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாய் உண்டு அவளுக்கு. "சித்தப்பா, நான் ஒண்ணு கண்டுபிடிச்சு வச்சிருக்கேன். எல்லாம் உடைஞ்சு தேஞ்சு இருந்தா அது வாடகை கட்டாத வீடு. பெட்டி பிரிக்காம இருந்தா அது செத்த வீடு. சரியா?"

"அடி ஆத்தி! தொழில் ரகசியத்த வெளிய சொல்லாத," என்றேன். ஆனால் அவள் சொன்னது சரிதான். ஓடிப்போகிறவன் வீட்டில் புதுப் பெட்டி இருக்காது.

அந்தக் குவியலில் ஒரு வர்ணப் பெட்டி இருந்தது. தகரத்தில் செய்தது. உள்ளே வில்லை வில்லையாக வர்ணம், இரண்டு தூரிகை. அவள் அதைக் கையில் எடுத்ததும் முகம் மாறிப்போனது. "அப்பா, இத…" என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் தானே நிறுத்திக்கொண்டாள். "தெரியும், தெரியும். நூல் குடுங்க."

எனக்கு வந்ததே கோபம். "ஏன் அண்ணே, இத என்ன காசு குடுத்தா தனியா வாங்கினீங்க? குப்பையோட குப்பையா வந்தது. புள்ள கையில குடுத்துட்டுப் போங்களேன்."

"காசு பேச்சே இல்லடா. சும்மா வந்தா மட்டும் அது தேவையாயிடுமா? பழக்கம்டா. இன்னைக்கு இது, நாளைக்கு வேற ஒண்ணு. கடைசில இந்த அம்மா மாதிரி ரூம் பூரா அடுக்கிட்டு ஒத்தையா சாகணுமா எம்பொண்ணு?"

"ஒரு வர்ணப் பெட்டிக்கும் சாவுக்கும் முடிச்சுப் போடாதீங்க அண்ணே. கேக்குறவன் சிரிப்பான்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மழை விடும் வரை வண்டிக்குள் உட்கார்ந்து ஃபிளாஸ்க் டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் தன் கதையைச் சொன்னார். அவர் அப்பா தவணையில் சாமான் வாங்கிக் குவித்தவராம். தவணை நின்றதும் ஒருநாள் கடை ஆட்கள் வந்து வீட்டையே காலி செய்துவிட்டார்களாம், எரிந்துகொண்டிருந்த விளக்கு உட்பட. வண்டியில் அவருடைய சின்ன சைக்கிளும் போனது. அந்தச் சைக்கிளுக்காக வண்டிக்குப் பின்னாலேயே ஓடினாராம்.

"அவங்க கிடங்கு வரைக்கும் ஓடினேன். முதலாளி பாத்தாரு. 'ஒரு மாசம் கூட்டிப் பெருக்கு, சைக்கிள எடுத்துக்கோ'ன்னாரு. பெருக்கினேன். மாசம் முடிஞ்சு சைக்கிள் பக்கத்துல போய் நின்னேன் பாரு தம்பி, எனக்கு அது வேணும்னே தோணல. சத்தியமா தோணல. அன்னைக்குத்தான் எனக்குப் புத்தி வந்துச்சு."

"தோணாமப் போச்சா அண்ணே, இல்ல தோணுற எடமே செத்துப் போச்சா?"

டீயைக் கீழே ஊற்றிவிட்டு, "மழ விட்டுடுச்சு, வண்டிய எடு," என்றார்.

வர்ணப் பெட்டிக்குக் கட்டிய நூல் சிவப்பு. மாதம் முடிவதற்குள் அவளே அதை அவிழ்த்துப் போட்டுவிட்டாள். கடைக்கு வந்த யாரோ ஒருவர் தன் பிள்ளைக்கு என்று அந்தப் பெட்டியை விலை பேசியபோது, அவள்தான் காகிதம் சுற்றி நூல் கட்டிக் கொடுத்தாள். "என்ன முதலாளியம்மா, வித்துப்புட்ட?" என்று கேட்டேன்.

"வேணாம்னு ஆயிடுச்சு சித்தப்பா. பழகிட்டேன்."

அண்ணன் அன்று டீக்கடையில் உட்கார்ந்து இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். மற்றவர்களும், "வளத்தா இப்படி வளக்கணும்யா, எங்க வீட்லயும் இருக்குதுங்களே," என்று ஏற்றிவிட்டார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகுதான் அந்தப் பந்து. பள்ளி மைதானத்தில் யாரோ அடித்தது முகத்தில் பட்டது. கண் சிவந்து வீட்டுக்கு வந்தாள். அண்ணி ஈரத்துணி வைத்தார். சிவப்பு போய்விட்டது. சிவப்பு போனதோடு எல்லோரும் மறந்துவிட்டோம். பிள்ளைகள் அடிபடாமலா வளர்கிறார்கள்?

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவள் கொஞ்சம் மாறித்தான் இருந்தாள். நின்று யோசித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். டீ கொண்டுவந்தால் டம்ளரை மேஜை விளிம்புக்கு வெளியே வைப்பாள், அது விழும். அலமாரிக் கதவில் தோளை இடித்துக்கொள்வாள். யாராவது வலது பக்கமிருந்து கூப்பிட்டால் கோழி திரும்புவது போல முழுத் தலையையும் திருப்புவாள். "வளருற வயசு, கையும் காலும் சொன்ன பேச்சு கேக்காது," என்றார் அண்ணன். நானும் ஆமாம் என்றேன். விலைச் சீட்டு உரிப்பதில் மட்டும் கீறல் விழ ஆரம்பித்தது. அண்ணி இரண்டு தடவை அதட்டினார். "கவனம் எங்கடி இருக்கு?"

அந்தச் சமயத்தில்தான் ஜன்னல் கம்பியில் ஒரு பச்சை நூலை அண்ணி பார்த்திருக்கிறார். பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதை என்னிடம் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னடி இது, புதுசா? அப்பாகிட்ட என்ன கேட்ட?" என்று கேட்டாராம்.

"இன்னும் கேக்கலம்மா."

"கேக்காமயே நூலா?"

"கேக்கலாமா வேணாமான்னே தெரியல. அதான், கேக்குறதுக்கு முன்னாடியே ஒரு மாசம் பாத்துடலாம்னு."

"எதுக்குன்னு எங்கிட்ட சொல்லேன்."

"சொன்னா கேட்ட மாதிரி ஆயிடும்மா."

அண்ணி சிரித்திருக்கிறார். போய் அண்ணனிடம் சொல்ல, அண்ணன் இன்னும் பெரிதாகச் சிரித்திருக்கிறார். "என்னையே மிஞ்சிட்டாளே! நானாவது கேட்டப்புறம் பொறுக்கச் சொன்னேன். இவ பொறுத்துட்டுக் கேக்கப் போறா." இதையும் டீக்கடையில் சொன்னார். நானும் அங்கேதான் இருந்தேன். என்ன பொருளாக இருக்கும் என்று ஆளாளுக்கு ஊகம் செய்தோம். ஒருவன் பொம்மை என்றான், ஒருவன் கொலுசு என்றான்.

கொஞ்ச நாளில் அந்த நூலும் காணாமல் போனது. அவளே அவிழ்த்துவிட்டாள். எதற்கென்று யாரும் கேட்கவில்லை. அவிழ்த்துவிட்டாள் என்றால் ஆசை, முடிந்தது கதை. அதுதானே அந்த வீட்டுச் சட்டம்.

மழைக்காலம் போய் வெயில் தொடங்கியிருந்தது. ஒரு ஓட்டல் காலி செய்த சாமான்களைக் கடை வாசலில் இறக்கிக்கொண்டிருந்தோம். வண்டிக்கும் வாசற்படிக்கும் நடுவே ஒரு பலகை போட்டிருந்தது. பிள்ளை ஒரு விளக்குக் கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பலகை அவளுக்கு வலது பக்கம். அவள் நேராகக் காலை வைத்தாள். வைத்த இடத்தில் பலகையும் இல்லை, படியும் இல்லை. கூண்டோடு கீழே விழுந்தாள்.

"பலகை எவ்வளவு அகலம், அதுகூடவா தெரியல?" என்று அண்ணன் ஓடிவந்து தூக்கினார். முழங்கால் உரிந்து ரத்தம் கசிந்தது. அண்ணி ஈரத்துணியோடு வந்து முகத்தைத் துடைக்கப் போனார். வலது பக்கமிருந்து துணி முகத்துக்கு அருகே வரும்வரை அவள் கண் இமைக்கவே இல்லை. அண்ணியின் கை அப்படியே நின்றுவிட்டது. மெதுவாகத் தன் உள்ளங்கையால் அவள் இடது கண்ணை மூடினார்.

"இது எத்தன விரல்?"

"கைய எடும்மா, இருட்டா இருக்கு."

"அந்தக் கண்ணு தெறந்துதானே இருக்கு. அதால பாரு. எத்தன?"

"அதுல தெரியாதும்மா," என்றாள் பிள்ளை. எங்களுக்கெல்லாம் தெரிந்த ஒன்றைச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

விளக்குக் கூண்டு சாலையில் உருண்டுகொண்டிருந்தது. அண்ணன் அதைப் போய் எடுத்து, தூசு தட்டி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நான்தான் சத்தம் போட்டேன். "அத எறிங்க அண்ணே! வண்டில ஏறுங்க!" பாதி இறக்கிய மேஜை நாற்காலிகளோடேயே வண்டியை ஆஸ்பத்திரிக்கு விட்டேன்.

கண் டாக்டர் ஒரு பெண். காலையிலிருந்து உட்கார்ந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. ஆனாலும் பொறுமையாக விளக்கை அடித்து அடித்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. பிறகு நாற்காலியை இழுத்துப் பிள்ளைக்கு எதிரே போட்டுக்கொண்டார்.

"எப்போலேருந்தும்மா இப்படி இருக்கு?"

"மழ பெய்யும்போதே. மொதல்ல ஓரத்துல மின்னல் மாதிரி வெட்டுச்சு. அப்புறம் கறுப்புக் கறுப்பாப் பூச்சி பறந்துச்சு. அப்புறம் ஒரு பக்கத்துலேருந்து துணி இழுத்துவிட்ட மாதிரி மூட ஆரம்பிச்சுது."

"இவ்வளவு நல்லாச் சொல்றியே, அப்பவே வீட்ல சொல்லியிருக்கலாமில்ல?"

"ஒரு மாசம் பாத்தேன் டாக்டர்."

"ஏன் ஒரு மாசம்?"

பிள்ளை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள், 'நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா' என்பது போல. பிறகு அவளே விளக்கினாள். "எதையும் உடனே கேக்கக் கூடாது. பொறுத்துப் பாக்கணும். ஒரு மாசம் கழிச்சும் அது இல்லாம முடியலன்னா தேவை. முடிஞ்சுதுன்னா ஆசை. டாக்டர்கிட்ட போகணும்னு கேக்கலாம்னுதான் நூல் கட்டினேன். ஆனா பழகிடுச்சு. இந்தக் கண்ணாலயே எல்லாம் பாக்க முடிஞ்சுது. கொஞ்சம் தலையத் திருப்பினாப் போதும். அதான் அவுத்துட்டேன்."

டாக்டருக்கு நூல் கதை புரிந்திருக்காது. ஆனால் மீதி புரிந்துவிட்டது. "ரெண்டு கண்ணும் தேவைதான்டா கண்ணு," என்றார்.

"ஒண்ணு போதுமே டாக்டர்."

டாக்டர் பிள்ளையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எங்களிடம் பேசினார். கண்ணுக்கு உள்ளே பின்பக்கம் ஒட்டியிருக்க வேண்டிய திரை கிழிந்து பிரிந்துவிட்டது. மின்னல் தெரிந்த உடனே வந்திருந்தால் எளிதாக ஒட்டியிருக்கலாம், பார்வை முழுதாகத் தப்பியிருக்கும். இப்போது அது சுருங்கிப்போய்க் கிடக்கிறது. ஆபரேஷன் செய்து பார்ப்போம், வாக்குக் கொடுக்க முடியாது என்றார்.

"எம்மேலதான் தப்பு டாக்டர்," என்றார் அண்ணன்.

டாக்டர் இல்லையென்று ஆறுதல் சொல்லவில்லை. அவரை அதற்காக நான் குறை சொல்ல மாட்டேன்.

வராந்தாவுக்கு வந்ததும் அண்ணி அவர் எதிரே போய் நின்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "தேவைன்னா என்ன, ஆசைன்னா என்னன்னு அத்தன சொல்லிக்குடுத்தீங்களே. வலின்னா வாயத் தொறந்து கத்தணும்னு ஒரு வார்த்த சொல்லிக்குடுத்தீங்களா?" என்றார். சொல்லிவிட்டு அவரே, "நானும்தான் சிரிச்சேன். நானும்தான் நூலப் பாத்துச் சிரிச்சேன்," என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆபரேஷன் முடிந்தது. கண்ணுக்குள் காற்று அடைத்திருக்கிறார்கள், குப்புறப் படுத்துத்தான் இருக்க வேண்டும், தலையைத் தூக்கவே கூடாது என்றார்கள். சாப்பாடும் அப்படியே, தூக்கமும் அப்படியே. கட்டில் தலைமாட்டுக்கு வெளியே நீட்டியபடி, முகம் வைக்க ஓட்டை விட்ட ஒரு திண்டு. அதில் முகத்தைப் பொதித்துக்கொண்டு படுத்திருந்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கட்டிலுக்குக் கீழே இருக்கிற தரை மட்டும்தான்.

நான் ரொட்டியும் பாலும் வாங்கிக்கொண்டு போன அன்று அண்ணனை அறையில் காணவில்லை. அண்ணி கண்ணால் கீழே காட்டினார். மனிதர் கட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கிறார். வெறுந்தரையில், பிள்ளையின் முகத்துக்கு நேர் கீழே தன் முகத்தை வைத்துக்கொண்டு. அத்தனை வீட்டுக் கட்டில்களைக் கழற்றித் தூக்கியவர், இப்போது ஒரு கட்டிலுக்கு அடியில் கிடந்தார்.

"தரை சில்லுனு இருக்காப்பா?" என்றாள் பிள்ளை.

"இல்லடா. உனக்கு ஏதாச்சும் வேணுமா? கேளு. என்ன வேணும்னாலும் கேளு."

"ஒண்ணும் வேணாம்ப்பா."

"உதடு காஞ்சிருக்கே. தண்ணி?"

"பொறுத்துக்குவேன்."

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மனிதச் சத்தமாகவே இல்லை. "பொறுக்காதடா! இனிமே எதையும் பொறுக்காத. தாகம் எடுத்தாக் கேளு, பசிச்சாக் கேளு, வலிச்சாக் கத்து, ஊரக் கூட்டு. அப்பா சொன்னதெல்லாம் தப்பு. எல்லாம் தப்பு."

அப்பா சொன்ன எதையும் அவள் தட்டியதில்லை. தப்பு என்று அப்பாவே சொன்னால் அதையும் கேட்டுத்தானே ஆக வேண்டும். "சரிப்பா," என்றாள். "அப்ப ஒண்ணு கேக்கட்டுமா? அழாதீங்க. உங்க மூக்கு ஒழுகுறது எனக்குத் தெரியுது."

நான் ரொட்டியை அண்ணி கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

கட்டுப் பிரித்துப் பார்த்தபோது அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரிந்தது. அவ்வளவுதான். இனிமேல் தெளியாது, இருக்கிற கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அண்ணி செய்த முதல் காரியம், ஜன்னல் கம்பியில் மிச்சமிருந்த நூல்களை அறுத்து அடுப்பில் போட்டதுதான். பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் எங்களைக் கொன்றது. சோறு வைத்தால் சாப்பிட்டாள், குழம்பு தீர்ந்துவிட்டால் வெறும் சோற்றைப் பிசைந்தாள். அண்ணன் சட்டியைத் தூக்கிக்கொண்டு, "ஊத்தட்டுமா? கேளேன்டா, ஊத்துன்னு சொல்லேன்," என்று நிற்பார். "இதுவே போதும்ப்பா," என்பாள். கேட்பது எப்படி என்பதே அவளுக்கு விட்டுப்போயிருந்தது.

ஒருநாள் காலையில் அண்ணன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "வண்டிய எடு."

"எந்த வீடு அண்ணே?"

"வீடு இல்ல. கடைக்கு."

பெரிய கடைகள் இருக்கிற சாலைக்குப் போகச் சொன்னார். அந்தக் கண்ணாடிக் கதவுகளை அவர் தள்ளித் திறந்து நான் பார்த்ததே இல்லை. உள்ளே போய் விலை கேட்கவில்லை, பேரம் பேசவில்லை. விரலை நீட்டிக்கொண்டே போனார். சைக்கிள். நடந்தால் மினுக்கும் செருப்பு. முடி சீவக்கூடிய பொம்மை. குரங்குப் படம் போட்ட தண்ணீர்ப் பாட்டில். இரண்டடுக்கு வர்ணப் பெட்டி. எடுத்து எடுத்து வைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஏதோ முணுமுணுத்தார். பக்கத்தில் போய்க் கேட்டேன். "இது பல்லு விழுந்தப்ப கேட்டது. இது எதிர்வீட்டுப் பொண்ணுகிட்ட பாத்துட்டு வந்து கேட்டது. இது காய்ச்சல்ல கேட்டது." அவள் கேட்டு, நூல் கட்டி, அவிழ்த்துப்போட்ட ஒவ்வொன்றும் அவருக்கு ஞாபகம் இருந்தது. மறந்துவிட்டார் என்று நான் நினைத்திருந்தேன். பாவி மனிதர், எல்லாவற்றையும் மனதுக்குள் அடுக்கி வைத்திருக்கிறார்.

"அண்ணே, இதுல பாதிக்கு இப்ப அவளுக்கு வயசு தாண்டிடுச்சு. அந்தச் செருப்பு காலுக்கே ஏறாது."

"ஏறலன்னா இருக்கட்டும்."

"தேவையா அண்ணே இதெல்லாம்?" என்று என் வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"தேவை இல்ல," என்றார். "தேவையே இல்ல. நீ தூக்கு."

கடைக்குத் திரும்பியபோது பிள்ளை வாசலில் உட்கார்ந்து ஒரு பாத்திரத்திலிருந்த விலைச் சீட்டை உரித்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் விரலால் தடவித் தடவி ஓரத்தைக் கண்டுபிடிக்கிறாள். அண்ணி உள்ளேயிருந்து ஈரக்கையோடு வந்து பார்த்துவிட்டு, கதவில் சாய்ந்து நின்றுகொண்டார். நான் இறக்க இறக்க அண்ணன் ஒவ்வொரு பெட்டியாகப் பிள்ளையின் முன்னால் வைத்தார். பிரிக்காத பெட்டிகள். அவற்றைச் சுற்றி அட்டை வாசம். அவள் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்துவிட்டு, தலையை முழுதாகத் திருப்பி அந்தக் குவியலைப் பார்த்தாள். பிறகு ஒரு பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். முகம் சின்னதாகிவிட்டது.

"யாருப்பா செத்துப் போனாங்க?"

அண்ணன் கையில் பொம்மைப் பெட்டியோடு நின்றார்.

"யாரும் இல்லடா. இது… இதெல்லாம் உனக்கு. அப்பா வாங்கினேன்."

"எனக்கா? நான் கேக்கலையேப்பா."

"கேட்டடா. எல்லாம் நீ கேட்டதுதான்."

அவள் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். வர்ணப் பெட்டியின் மேல் மட்டும் கை கொஞ்சம் கூடுதலாக நின்றது. எடு தாயே, கிழித்துப் பிரி, கையெல்லாம் வர்ணமாக்கு என்று எனக்குள் ஒரே கூச்சல். அவள் அதையும் மற்றவற்றோடு நேராக அடுக்கிவிட்டு எழுந்தாள். உள்ளே போய், மூட்டை கட்டும் நூற்கண்டை எடுத்துத் துண்டு துண்டாகக் கத்தரித்தாள். பெட்டிக்கு ஒரு துண்டு. ஜன்னலுக்குப் போனாள்.

"வேணாம்டா. உடனே எடுத்துக்கோ. இன்னைக்கே எடுத்துக்கோ," என்றார் அண்ணன்.

"இருக்கட்டும்ப்பா. ஒரு மாசம்தானே."

நூலைக் கம்பியில் சுற்றப் போனாள். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. நூல் கம்பிக்கு இந்தப் பக்கமே காற்றில் சுற்றிக் கீழே தொங்கியது. இன்னொரு முறை நீட்டினாள், மறுபடியும் தவறியது. சிரித்துக்கொண்டாள். பிறகு இடது கையால் கம்பியைத் தடவிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் முதல் முடிச்சைப் போட்டாள்.

வண்டியில் இன்னும் இரண்டு பெட்டி இருந்தது. நான் இறக்கவில்லை.